5 நொடியில முடிஞ்ச ரேஸ்: மிகேலா ஷிஃப்ரின்

இந்த எபிசோடை ஒரு தோல்வியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

2022 பிப்ரவரி, பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ். அமெரிக்காவின் மிகேலா ஷிஃப்ரின் ஸ்லாலம் போட்டியில கிளம்புறாங்க. சுமார் 5 நொடிதான். ஒரு கேட்டைத் தவறவிட்டு அவுட். அப்படியே பனியில ஓரமா உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கிட்டாங்க. கேமராவும் அவங்களை விடவே இல்ல. 2 நாளைக்கு முன்னாடி ஜயன்ட் ஸ்லாலத்துலயும் இதேதான் நடந்தது. 2020-ல அப்பா இறந்த பிறகு வந்த முதல் ஒலிம்பிக்ஸ் வேற. 6 போட்டியில இறங்கி, ஒரு பதக்கம்கூட இல்ல.

நம்மள்ல பல பேர் பனிச்சறுக்கைப் பாத்ததே ஜேம்ஸ் பாண்ட் படத்துலதான். அதனால ஸ்லாலம்னா என்னன்னு சொல்லிடறேன். செங்குத்தான சரிவுல சிவப்பு, நீலம்னு மாத்தி மாத்தி கம்பங்கள் நட்டிருப்பாங்க. எல்லாத்தையும் சரியான பக்கமா வளைஞ்சு கடந்து கீழே வரணும். ஒரு ரன் சுமாரா ஒரு நிமிஷம். 2 ரன் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவங்க ஜெயிச்சாங்க. நொடியில நூத்துல ஒரு பங்கு வரைக்கும் கணக்கு உண்டு. ஒரு கேட்டை விட்டா மார்க் குறைக்கிறதெல்லாம் கிடையாது, ஆட்டமே முடிஞ்சது. அந்தத் தடத்துல ட்ரையல் போகவும் விடமாட்டாங்க. முன்னாடி பாத்து மனசுல பதிச்சுக்கணும், அவ்வளவுதான். டெஸ்ட் பண்ணாம நேரா ப்ரொடக்‌ஷன்ல டிப்ளாய் பண்ற மாதிரி! பத்திரமா போனா தோத்துடுவோம், வேகமா போனா விழுந்துடலாம்.

2014 சோச்சி ஒலிம்பிக்ஸ்ல 18 வயசுல இதே ஸ்லாலத்துல தங்கம் வாங்கினவங்க இவங்க. அன்னைக்கும் 2-வது ரன்ல ஒரு ஸ்கீ அந்தரத்துல தூக்கிடுச்சு, எப்படியோ சமாளிச்சாங்க. சோச்சிக்கும் பெய்ஜிங்குக்கும் நடுவுல இருக்கிற தூரம் அவ்வளவுதான்னு எனக்குத் தோணுது.

பெய்ஜிங் முடிஞ்ச அடுத்த மாசமே அந்த சீசனோட ஒட்டுமொத்த உலகக்கோப்பையை ஜெயிச்சாங்க. 2023 மார்ச்ல ஸ்வீடனின் ஓரேயில 87-வது உலகக்கோப்பை வெற்றி. ஸ்வீடன்காரர் இங்கெமார் ஸ்டென்மார்க் 1989-ல இருந்து வெச்சிருந்த 86 வெற்றி சாதனை, அவர் நாட்டுலயே உடைஞ்சது. 17 வயசுல இவங்க முதல் வெற்றியை எடுத்ததும் அதே ஓரேயிலதான்.

2024 நவம்பர், கில்லிங்டன் ஜயன்ட் ஸ்லாலம். 100-வது வெற்றி கைக்கு எட்டுற தூரம், முதல் ரன்ல இவங்கதான் முன்னிலை. 2-வது ரன்ல விழுந்தாங்க. வயித்துப் பக்கம் ஏதோ குத்தி ஆழமான காயம், அப்புறம் ஆபரேஷன். உடம்பு தேறிடுச்சு, பயம் போகல. ஜயன்ட் ஸ்லாலத்துல வேகமெடுக்க மனசு விடலைன்னு வெளிப்படையா சொல்லி, 2025 உலக சாம்பியன்ஷிப்ல அந்தப் போட்டியில இருந்து விலகினாங்க.

அதே பிப்ரவரி கடைசியில இத்தாலியின் செஸ்ட்ரியேரே. சனிக்கிழமை ஜயன்ட் ஸ்லாலத்துல 2-வது ரன்னுக்குப் போற முதல் 30 பேருக்குள்ளகூட வர முடியல. ஞாயித்துக்கிழமை, அதே ஊர்ல ஸ்லாலம். 100-வது வெற்றி. ஆணோ பெண்ணோ, ஆல்பைன் உலகக்கோப்பையில அந்த எண்ணை அதுவரைக்கும் யாரும் தொட்டதில்ல.