உழவரின் வினாவும் ஆராய்ச்சி நிலையத்தின் விடையும்

ஓர் ஆராய்ச்சி நிலையம் தன் விலாசத்தை விளம்பரப்படுத்திவிடுவதால் மட்டும் மக்கள் அதனுடன் தொடர்புகொண்டுவிடுவதில்லை. கேட்பவருடைய மொழியில், அவருக்குப் பயன்படும் காலத்திற்குள் விடை திரும்பிச் சென்றால்தான் அதனைத் தொடர்பு என்று கூறலாம். சித்தூர் மாவட்டத்தில் குப்பத்தை அடுத்துள்ள சாந்திபுரம் பகுதியின் பட்டுப்புழு வளர்ப்போரை எடுத்துக்கொண்டால் இதன் அவசியம் விளங்கும்.

பட்டுப்புழு முட்டையிலிருந்து வெளிவந்து கூடு கட்டத் தொடங்கும் வரை சுமார் 25 முதல் 28 நாட்களே ஆகின்றன. இதில் ஐந்தாம் பருவம் ஏறத்தாழ ஒரு வாரம். புழு தன் வாழ்நாளில் உண்ணும் மல்பெரி இலையில் நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேல் அந்த ஒரு வாரத்திலேயே செலவாகிறது. நோய் பெரிதும் கண்ணில் படுவதும் அப்போதுதான். அதாவது, உழவர் தம் இலையையும் உழைப்பையும் செலவிட்டு முடித்த பிறகு. கடிதம் எழுதிப் பத்து நாள் காத்திருந்து பெறும் விடை, எவ்வளவு சரியானதாயினும், வெறுந்தட்டுகளுக்கே வந்து சேரும்.

வினாவிற்கு விடை திரும்ப வேண்டும் என்னும் கருத்து நம் நாட்டிற்குப் புதிதன்று. 1956-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி, யுனெஸ்கோவின் துணையுடன், அந்நாளைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 கிராமங்களைத் தெரிந்தெடுத்துப் புனா நிலையத்திலிருந்து ஒரு சோதனையை நடத்தியது. கிராமத்தார் குழுவாகக் கூடி மராத்தி நிகழ்ச்சியைக் கேட்டனர். பின் விவாதித்து, தங்கள் வினாக்களை நிலையத்திற்கு எழுதி அனுப்பினர். அவற்றிற்குரிய விடைகள் பின்வந்த நிகழ்ச்சிகளில் ஒலிபரப்பாயின. கேட்பதற்கு மட்டுமே உரியதாயிருந்த வானொலிப் பெட்டி, பேசுவதற்கும் உரியதாயிற்று.

இன்று அப்பணியைத் தொலைபேசி மேற்கொண்டுள்ளது. 2004 ஜனவரி 21-ஆம் நாள் மத்திய வேளாண்மை அமைச்சகம் கிசான் கால் சென்டர் எனப்படும் உழவர் அழைப்பு மையங்களைத் தொடங்கியது. 1800-180-1551 என்னும் கட்டணமில்லா எண்ணில், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, வேளாண்மைப் பட்டம் பெற்றோர் 22 மொழிகளில் விடையளிக்கின்றனர். தமக்கு விடை தெரியாத வினாவை மேல்நிலை வல்லுநருக்கு இணைத்துக் கொடுப்பதும் உண்டு.

ஆயினும் மறுமுனையில் இருப்பவர் புழுவைக் காண்பதில்லை. “புழு சாகிறது, என்ன மருந்து?” என்று கேட்டால் எந்த வல்லுநராலும் பயனுள்ள விடை கூற இயலாது. கணுக்கள் வீங்கி, தோல் கிழிந்து பால் போன்ற நீர் கசிந்தால் அது ஒரு நோய். இறந்த உடல் சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகினால் வேறொரு நோய். நலமாயிருந்த புழுக்கள் இலை தின்ற சில மணி நேரத்தில் பச்சை நீரைக் கக்கித் துடித்தால், பக்கத்து வயலில் தக்காளிக்குத் தெளித்த பூச்சிமருந்து இலையில் படிந்ததா என்று விசாரிப்பதே முதல் வேலை. புழுவின் பருவம், இலை பறித்த நாள், அண்மையில் தெளித்த மருந்து ஆகிய மூன்றையும் கூறினால் பாதி வழி கடந்ததாகும்.

சாந்திபுரத்தில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் வழங்குகின்றன. நோய்ப் பெயர்கள் மொழிக்கு மொழி வேறுபடலாம். கண்ட காட்சியோ மாறுபடாது. ஆகவே பெயரைக் கூறுவதினும் கண்டதை வருணிப்பதே நலம்.

தொலைபேசியால் தீராத வினாக்களும் உண்டு. பெப்ரின் நோயை உண்டாக்கும் நுண்ணுயிரை உருப்பெருக்கியின் கீழ்தான் உறுதி செய்ய இயலும். 1865-இல் தென் பிரான்சின் பட்டு வளர்ப்போர் துயரைத் தீர்க்கச் சென்ற லூயி பாஸ்டர், தாய் அந்துப்பூச்சியைச் சோதித்து, நோயுற்றதன் முட்டைகளை நீக்கும் முறையை வகுத்தார். இங்கு அனுப்ப வேண்டியது சொல்லன்று; மாதிரி.

வினாவினால் ஆராய்ச்சி நிலையத்திற்கும் பயன் உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி காணப்பட்டது. அது விரைவில் தமிழ்நாட்டு மல்பெரித் தோட்டங்களையும் பற்றிக்கொண்டது. மெழுகுப் பூச்சு அதனைக் காத்ததால் மருந்து எளிதில் பலிக்கவில்லை. வலுவான மருந்தைத் தெளித்தாலோ இலையைத் தின்னும் புழுவிற்கே ஆபத்து. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூரு ஆய்வுக்கூடத்திற்குத் தருவிக்கப்பட்டு, பெருக்கித் தோட்டங்களில் விடப்பட்டன. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவி மிக நன்றாகப் பணியாற்றிப் பூச்சியை அடக்கியது. இத்தகைய குளவியை எத்தோட்டத்தில் விடுவது, அங்கு மருந்து தெளிப்பு நிறுத்தப்பட்டதா என்பனவற்றை ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து அறிய முடியாது. உழவர் கூறினாலன்றி வழியில்லை.

களப்பணியாளர் ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை உடன் கொண்டு செல்வாராக. வினா கேட்ட நாள், கண்ட அறிகுறி, கிடைத்த விடை ஆகியவற்றை எழுதி, நான்காவது பத்தியை வெறுமையாக விடலாம். பள்ளி ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு இதனை எளிதில் செய்விக்கலாம். பட்டு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வறிகுறிகள் பழக்கமானவையே. கூடு அறுவடையான பின், விடை பலித்ததா இல்லையா என்பதை அந்த நான்காவது பத்தியில் நிரப்பி, விடை கூறிய நிலையத்திற்கே ஒரு படி அனுப்புதல் வேண்டும்.