மழைக்கு அஞ்சாத வில்லை

தேயிலைத் தோட்டங்களைக் காட்டும் படங்களிலெல்லாம் வெயில் அடித்துக்கொண்டேயிருக்கும். கொழுந்தெடுக்கும் பெண்ணும் சிரித்துக்கொண்டேயிருப்பாள். மடுல்சீமையிலே பிறந்து வளர்ந்தவனாகிய எனக்கு அப்படங்களைக் காணுந்தோறும் ஒரு வினா எழும். எங்கள் மழை எங்கே போயிற்று?

ஆனி ஆடியில் ஹற்றன் பக்கம் மழை கொட்டும்போது ஊவா மலைகளில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலை மணத்தால் பெயர்பெறும் காலமும் அதுவே; படம் பிடிப்போர் வருவதும் அப்போதுதான். எங்களுக்குரிய மழையோ ஐப்பசியில் தொடங்கி, வடகீழ்ப் பருவக்காற்றோடு தை வரை நின்று பெய்யும். பசறையிலிருந்து ஏறிவரும் பாதையே மூடுபனியில் மறைந்துபோம். அந்நாள்களிலும் கொழுந்து துளிர்ப்பது நிற்பதில்லை. ஆகவே கூடைகளும் நிற்பதில்லை.

அம்மழையில் நனைந்து என் தமக்கையார் ஈட்டிய கூலியிலேதான் நான் பண்டிதர் தேர்வுக்குப் படித்தேன். இந்தத் தையோடு அவர் கூடையை இறக்கி வைக்கின்றார். கொங்காணி போர்த்து, இடுப்பிலே படங்கு கட்டி, அவர் மழையில் நிற்கும் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. சென்ற மார்கழியில் நண்பரொருவரிடம் கமராவை இரவல் வாங்கிக்கொண்டு மலைக்குப் போனேன். கால் மணி நேரத்துக்குள் வில்லையின் உட்புறத்தில் ஆவி படிந்துவிட்டது. பதினொரு படங்கள் எடுத்தேன், பதினொன்றும் வெண்பால்.

“என்னத்துக்குத் தம்பி இந்த மழையில படம்? வெயில் வரட்டுமே” என்றார் தமக்கையார். வெயிலில் எடுப்பதற்குத்தான் ஊரார் பலர் இருக்கின்றனரே!

சில வாரங்களில் அவ்வில்லைக்குள் பூஞ்சணம் சிலந்தி நூல்போலப் பரவிற்று. செப்பஞ்செய்யப் பணங்கொடுத்தேன் எனினும், நண்பர் முகத்தை நேரே நோக்க இன்னும் கூசுகின்றேன். இரவற் பொருளின் அருமை அன்று தெரிந்தது. அதன்பின்னரே மழைக்கேற்ற வில்லை யாதென ஆராயப் புகுந்தேன்.

தொலைவிலிருந்து எடுக்கும் வில்லையே வேண்டும். அருகே போனால் தமக்கையார் கை வேலையை விட்டு முக்காட்டைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவார். குவியத் தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் சூம் வகையே நன்று. மழையில் வில்லையைக் கழற்றி மாற்றுவது கமராவின் வாயைத் திறந்து நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

நீர்க்காப்பு என்பது இறப்பர் வளையங்களின் வேலை. திருகும் வளையம், பொத்தான், கமராவோடு பூட்டும் விளிம்பு ஆகிய இடுக்குகளில் அவை அமைந்திருக்கும். தூறலையும் சாரலையும் அவை தாங்கும். குடத்து நீரில் அமிழ்த்தினால் தாங்கா. வில்லைக்குக் காப்பிருந்து கமராவுக்கு இல்லையாயின் அது கூரை வேய்ந்து சுவரெடுக்காத வீடாகும். சூம் செய்யும்போது குழல் நீண்டு சுருங்கும் வில்லை துருத்திபோல ஈரக்காற்றை உள்ளே இழுக்கவும் கூடும். நீளாத குழலையே நான் விரும்பினேன்.

கெனன் நிறுவனத்தார் 70–200 மில்லிமீற்றர் வில்லையை எப் 4 அளவில் 1999இல் வெளியிட்டனர். அதற்கு நீர்க்காப்பு இல்லை. நடுக்கந் தணிக்கும் பொறியோடு 2006இல் வந்ததற்கு உண்டு. இரண்டும் வெள்ளை உடம்பு, பெயரும் ஏறத்தாழ ஒன்றே. பழைய பொருள் வாங்குவோர் இவ்விடத்தில்தான் ஏமாறுவர். ‘ஐஎஸ்’ என்னும் எழுத்துகள் உளவா எனப் பார்த்தல் வேண்டும்.

அதே நிறுவனத்தின் எப் 2.8 வில்லை இருமடங்கு ஒளியை உள்ளே விடும். மூடுபனியில் அது பெரும்பேறு. ஆயினும் 2010இல் வந்த அவ்வகை 1490 கிராம் நிறையுடையது. நான் கருதியதோ 760 கிராம். வழுக்கும் சரிவில் ஒரு கையால் தேயிலைச் செடியைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஐம்பது கடந்தவனுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. நடுக்கந் தணிக்கும் பொறி என் கையைத்தான் நிறுத்தும், கொழுந்து கிள்ளும் விரலை நிறுத்தாது. அதற்கு 250இல் ஒரு பங்கு விநாடியேனும் வேண்டும். ஒளி போதாதவிடத்துக் கமராவின் உணர்திறனைக் கூட்டினால் படத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளி தோன்றும். மழைப் படத்திற்கு அது குற்றமன்று என்பது என் துணிபு.

1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரெட் கமெரன் அம்மையாரை இங்கே நினைத்துக்கொள்கின்றேன். அவர் கையாண்ட கண்ணாடித் தகட்டின் மருந்துப்பூச்சு ஈரம் உலருமுன் படத்தைப் பிடித்துக் கழுவிவிட வேண்டும். அவர் காலத்தில் ஈரம் காய்ந்துவிடுமே என்ற அச்சம். நம் காலத்தில் ஈரம் புகுந்துவிடுமே என்ற அச்சம்!

எப் 4 வில்லையைப் பழையதாகவே வாங்கினேன். கமரா மருமகனுடையது, அதற்கும் காப்பு உண்டு. நனைந்து வந்ததும் துடைத்து, அடுப்பங்கரைச் சூட்டில் வையாது, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் வைத்தல் வேண்டும் என அவனுக்குச் சொல்லியிருக்கின்றேன்.

ஐப்பசிக்கு இன்னும் மூன்று வாரம் உண்டு. தமக்கையார் தம் கொங்காணியை எடுத்துவைத்துத் தைத்துக்கொண்டிருக்கின்றார். கிழிசலோடு படத்தில் நிற்கமாட்டாராம்.