ஓர் எண்ணுக்கு ஒரே வீடு

இயற்பியல் தேர்வில் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, விடைக்குப் பக்கத்தில் அலகை எழுத மறந்துவிட்டால் என்ன ஆகும்? ஆசிரியர் அரை மதிப்பெண் குறைத்துவிடுவார். "எண் சரியாகத்தானே இருக்கிறது, ஐயா!" என்று நீங்கள் வாதாடியும் இருப்பீர்கள். அலகு மாறிப்போனதால் ஒரு விண்கலமே தொலைந்த கதையைக் கேட்டால், இனி அப்படி வாதாட மாட்டீர்கள்.

1998 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவிலிருந்து 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்னும் விண்கலம் புறப்பட்டது. செவ்வாயைச் சுற்றிவந்து அதன் வானிலையை ஆராய்வதே அதன் வேலை. கலிபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடம் கலத்தின் பாதையைக் கணித்து வழிநடத்தியது. கலத்தைக் கட்டியதோ வேறொரு நிறுவனம்.

கலம் வேண்டாத பக்கம் திரும்பிவிடாமல் இருக்க, அதன் சிறிய உந்துபொறிகளை அவ்வப்போது இயக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் கலம் சற்றே தள்ளப்படும். அந்தத் தள்ளல் எவ்வளவு என்பதைத் தரையிலிருந்த ஒரு கணிப்பொறி நிரல் கணக்கிட்டுத் தந்தது. அது தந்த எண்கள் பவுண்டு-விநாடியில் இருந்தன. பாதையைக் கணித்தவர்களோ அவற்றை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு பவுண்டு விசை என்பது ஏறத்தாழ 4.45 நியூட்டன் அல்லவா? ஆகவே உண்மையான தள்ளலில் கால் பங்குக்கும் குறைவாகவே கணக்கில் ஏறியது.

ஒன்பது மாதப் பயணத்தில் இந்தச் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. 1999 செப்டம்பர் 23 அன்று கலம் செவ்வாயை நெருங்கியது. தரையிலிருந்து சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் அது கடக்க வேண்டும் என்பது திட்டம். 80 கிலோமீட்டருக்குக் கீழே சென்றால் அது பிழைக்காது. செவ்வாயின் பின்புறம் மறையும்போது கலத்தின் வானொலி ஒலி நிற்கும் என்பது தெரிந்ததே. ஆனால் அது எதிர்பார்த்ததைவிட 49 விநாடி முன்னதாகவே நின்றது. பிறகு கேட்கவே இல்லை. மீண்டும் கணக்கிட்டபோதுதான், கலம் சென்றது சுமார் 57 கிலோமீட்டர் உயரத்தில் என்று தெரிந்தது.

தாளில் சரியாகவே இருந்தது!

'நியூட்டன்-விநாடியில் தர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கக் கூடாதா?' என்று கேட்கிறீர்களா? எழுதித்தான் வைத்திருந்தார்கள்! இரு தரப்புக்கும் பொதுவான விதி ஏட்டில் அது தெளிவாக இருந்தது. நிரல் அதைப் பின்பற்றவில்லை. சோதனைகளிலும் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பாதை கணித்தவர்கள் சிலருக்கு ஐயம் எழுந்தும், அது முறைப்படி பதிவாகவில்லை.

ஒரு விண்கலத்தை நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து உருவாக்குகிறார்கள். ஒருவரிடம் வரைபடம், ஒருவரிடம் எடைப் பட்டியல், ஒருவரிடம் மின்சாரக் கணக்கு. ஒரே எண் இருபது தாள்களில் குடியிருக்கும். அது ஓரிடத்தில் மாறினால், மற்ற பத்தொன்பதிலும் பழைய எண்ணே இருக்கும். எது உண்மை என்று யார் சொல்வது?

மாதிரி என்றால் என்ன?

இதற்கு ஒரு வழிதான் 'மாதிரிவழி அமைப்புப் பொறியியல்'. இப்பெயரில் அரிசோனாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வெய்ன் வைமோர் 1993-ல் ஒரு நூலே எழுதினார்.

இங்கே மாதிரி என்பது கண்காட்சியில் வைக்கும் அட்டைப் பொம்மை அன்று. கலத்தின் ஒவ்வொரு பாகமும் என்ன, அதன் எடை என்ன, எவ்வளவு மின்சாரம் வேண்டும், எதனோடு இணைகிறது என்பவற்றையெல்லாம் உறவுகளோடு கணிப்பொறியில் பதிந்து வைப்பதே மாதிரி. ஓர் எண்ணுக்கு அங்கே ஒரே வீடுதான். அலகும் அதனுடன் சேர்ந்தே குடியிருக்கும். ஒரு கருவியின் எடை 10 கிலோவிலிருந்து 11 கிலோவாக ஏறினால், அந்த ஓரிடத்தில் மாற்றினால் போதும். கலத்தின் மொத்த எடையும், அதைச் சார்ந்த மற்றக் கணக்குகளும் அதிலிருந்தே பிறக்கும். பவுண்டையும் நியூட்டனையும் இணைக்க முயன்றால், 'பொருந்தவில்லை' என்று கணிப்பொறியே எச்சரிக்குமாறு செய்யலாம்.

மனிதர்கள் மாற வேண்டும்

கணிப்பொறியை வாங்குவது எளிது. பழக்கத்தை மாற்றுவதுதான் கடினம். பல ஆண்டுகள் தம் பட்டியலைத் தாமே காத்துவந்த பொறியாளரிடம், 'இனி உங்கள் எண் பொது இடத்தில்தான் இருக்கும்' என்றால் அவர் தயங்கத்தானே செய்வார்?

அதே ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடம் இம்முறையைக் கைக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவுக்குக் கலம் அனுப்பும் திட்டத்தை 2010-க்குப் பிறகு ஆராய்ந்தபோது, எல்லாரையும் புதிய வரைபட மொழி கற்கும்படி அவர்கள் வற்புறுத்தவில்லை. சிறு குழு ஒன்று மாதிரியைக் கட்டியது. அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் இன்னும் சிலர். மற்றப் பெரும்பாலோர், மாதிரியிலிருந்து பிறந்த பட்டியல்களையும் அறிக்கைகளையும் பார்த்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். எடைக் கணக்குப் போன்ற அன்றாடத் தேவைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். பயன் கண்ணுக்குத் தெரிந்தால்தானே நம்பிக்கை வரும்?

அத்திட்டம் 'யூரோப்பா கிளிப்பர்' ஆக வளர்ந்தது. சூரியத் தகடுகளை விரித்தால் 30 மீட்டருக்கு மேல் நீளும் அக்கலம், 2024 அக்டோபர் 14 அன்று புறப்பட்டது. 2030-ல் வியாழனை அடைந்து, பின்னர் யூரோப்பாவை 49 தடவை நெருங்கிப் பறப்பது அதன் திட்டம்.

மாதிரிக்குத் தெரியாதது

இனிக் கவலையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்! புறப்படச் சில மாதங்களே இருந்தபோது, 2024 மே மாதத்தில் ஓர் அதிர்ச்சி. கலத்தில் பொருத்தியிருந்த டிரான்சிஸ்டர்களில் சில, வியாழனின் கடும் கதிர்வீச்சை எதிர்பார்த்த அளவு தாங்காமற்போகலாம் என்று தெரியவந்தது. மாதிரியில் பதிந்த தகவலே தவறாக இருந்தால், அது தவறையே எல்லாருக்கும் ஒழுங்காகப் பரப்பும். ஏறத்தாழ நான்கு மாதம் இரவு பகலாகச் சோதித்த பிறகே, கலம் அனுப்பத் தகுந்தது என்று முடிவு செய்தார்கள். ஆகவே மாதிரி வேண்டும். அதைச் சந்தேகித்துச் சோதிக்கும் மனிதரும் வேண்டும்.

அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு நீங்கள் நால்வர் சேர்ந்து ஒரு கருவி செய்யப்போகிறீர்களா? அளவுகளை நாலு நோட்டில் எழுதாதீர்கள். ஒரே நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் எதுவானாலும் அதில் மட்டும் எழுதுங்கள். மற்ற மூவரும் அதைப் பார்த்தே வேலை செய்யட்டும். ஐயம் எழுந்தால் வாய்மொழியாகச் சொல்லி விட்டுவிடாமல், அதையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

ஆம், அலகை மறந்துவிடாதீர்கள்!