ஒரே பெயரில் இறங்கிய பட்டம்

மும்பையின் எல்.ஜே. ரோட்டின் முழுப்பெயர் லேடி ஜம்ஷெட்ஜி ரோடு. அந்த லேடி ஜம்ஷெட்ஜியின் பெயர் ஆவாபாய். மாஹிமையும் பாந்த்ராவையும் கழிக்குக் குறுக்கே இணைத்த சாலையை 1840களில் தம் பணத்தில் போடச் செய்தவர். சுங்கம் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்.

கணவர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் (1783–1859), பார்சி வணிகர். சீனாவுக்குப் பருத்தியும் அபினியும் அனுப்பிச் சேர்த்த செல்வம் அவருடையது. அபினியை மறைத்து இந்தச் சாலைக் கொடையைப் பேசுவது நியாயமாகாது. 1842இல் ‘சர்’ ஆனார். 1857இல் பாரோனெட்: தந்தைக்குப்பின் மகனுக்கு இறங்கும் ஆங்கிலேயப் பட்டம், இந்தியர் ஒருவருக்கு முதன்முதலாக.

1860இல் வந்த தனிச்சட்டப்படி, பட்டம் ஏற்பவர் முதலாமவரின் பெயரையே சூட வேண்டும். மூத்த மகன் கர்செட்ஜி இரண்டாம் ஜம்ஷெட்ஜி ஆனார். அவருக்குப்பின் மானெக்ஜி, 1898இல் அவர் தம்பி கவஸ்ஜி. இருவரும் ஜம்ஷெட்ஜியே.