பூட்டிய புத்தகம்

ஓசூர் எல்லையைக் கடந்து ஆனேக்கல் வட்டத்தில் குடியேறிய நம் குடும்பங்கள் பல, பாத்திரம் பண்டங்களோடு ஒரு பெட்டி தமிழ்ப் புத்தகங்களையும் சுமந்து வந்தவை. பாட்டி படித்த நாவலைப் பேத்தி படித்தாள். அடுத்த வீட்டார் இரவல் வாங்கினர். விற்ற கடைக்காரர் அதைத் திருப்பிக் கேட்டு ஒருநாளும் நம் வாசலில் வந்து நின்றதில்லை.

இன்று அந்தப் பெட்டியின் இடத்தைக் கணிப்பொறியும் கைக்கருவியும் பிடித்துக்கொண்டன. 2016 டிசம்பரில் அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கடையில் தமிழ் நூல்களும் விற்பனைக்கு வந்தன. கன்னட நாட்டில் தமிழ்ப் புத்தகம் தேடி அலைவோருக்கு இது பெரிய சௌகரியம், மறுப்பதற்கில்லை. ஆயினும், பணம் கொடுத்து வாங்கிய நூல் நம்முடையதுதானா?

மின்னூல்கள் பலவும் பூட்டிட்டே விற்கப்படுகின்றன. அப்பூட்டுக்கு ‘டிஜிட்டல் உரிமை மேலாண்மை’ என்று பெயர். நூல் சங்கேத எழுத்தாக மாற்றப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவியை, பதிவு செய்த கருவிக்கு மட்டுமே நிறுவனம் வழங்கும். திருட்டுப் பிரதியைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்பர். எழுத்தாளருக்கு ஊதியம் சேரவேண்டும் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் கருவி நம் கையில். அதற்கு ஆணையிடும் அதிகாரமோ பிறர் கையில்.

அவ்வதிகாரம் எதுவரை செல்லும் என்பதை 2009 ஜூலையில் அமெரிக்க வாசகர்கள் கண்டனர். உரிமையில்லாத ஒருவர் விற்ற ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை, வாங்கியோரின் கருவிகளிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. பின்னர் மன்னிப்பும் கோரியது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்களும் திறவாமற் போயின. பணம் திரும்பிற்று, நூல் திரும்பவில்லை.

நம் நாட்டுச் சட்டம் சற்று நிதானமானது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் கருத்துடன் பூட்டை உடைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. சட்டம் தடுக்காத காரியத்துக்காகத் திறப்பதை அது தடுக்கவில்லை. எனினும் சட்டம் இடங்கொடுப்பதால் மட்டும் சாவி நம் கைக்கு வந்துவிடாது.

ஆகவே வாங்குமுன் விசாரிப்போம்: வேறு கருவியில் படிக்க இயலுமா? பிரதி எடுத்துவைக்க இயலுமா? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தொண்டர்களின் உழைப்பால் நம் பழந்தமிழ் நூல்களைப் பூட்டின்றி இலவசமாகவே வழங்கிவருகிறது. ஒருமுறை படித்து மறக்கும் நூலுக்குப் பூட்டு இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளைகளுக்கென்று வைத்துப்போகும் நூல் காகிதத்தில் இருக்கட்டும். அன்றேல் பூட்டற்ற கோப்பாக இருக்கட்டும்.