ஈரல் மருந்தும் மன மருந்தும்

மனநோய்க்கோ வலிப்புக்கோ குளிசை எடுக்கும் ஒருவருக்கு ஈரலழற்சி ‘சி’யும் இருப்பதாகத் தெரியவந்தால் குடும்பத்தவர் திகைத்துப் போகின்றனர். இரண்டு மருந்தையும் சேர்த்து எடுக்கலாமா? ஒன்றை நிறுத்தவேண்டுமா? இதனைச் சற்று விளங்கிக்கொள்வோம்.

ஈரலழற்சி ‘சி’ இரத்தத்தின் வழியே தொற்றும் வைரசு நோய். இவ்வைரசு 1989இல் இனங்காணப்பட்டது. நீண்டகாலமாக இன்ரபெரோன் ஊசியே இதற்கு முக்கிய மருந்தாக இருந்தது. அவ்வூசி சிலருக்குக் கடும் மனச்சோர்வை உண்டாக்கியது. அதனால் மனநோயாளர் பலருக்கு அச்சிகிச்சை கொடுக்கப்படவில்லை. 2013இன் பின் சொபொஸ்புவிர் போன்ற குளிசைகள் வந்தன. பெரும்பாலும் 12 வாரச் சிகிச்சையில் நூற்றுக்கு 95 பேர் வரையில் குணமடைகின்றனர். மனநோய் இதற்குத் தடையல்ல.

ஆயினும் ஒரு மருந்தில் மிகுந்த கவனம் தேவை. அதுவே காபமசெப்பீன். இது வலிப்புக்கும், மனம் அளவுமீறிப் பொங்கியும் சோர்ந்தும் மாறும் நோய்க்கும் கொடுக்கப்படுகிறது. மற்ற மருந்துகளை உடல் வெளியேற்றும் வேலையை இது துரிதப்படுத்திவிடும். வாய்க்காலில் உடைப்பு இருந்தால், எவ்வளவு இறைத்தாலும் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச்சேராது அல்லவா? அதுபோலவே சொபொஸ்புவிரும் போதிய அளவு இரத்தத்தில் சேராது; வைரசு தப்பிவிடும். பெனிற்றொயின், பீனோபாபிற்றோன் ஆகியவையும் இவ்வாறானவையே. புளுவொக்சற்றீன், சேற்றலீன் போன்ற மனச்சோர்வுக் குளிசைகளையோ சொபொஸ்புவிருடன் பொதுவாக எடுக்கலாம்.

அப்படியானால் காபமசெப்பீனை நாமே நிறுத்திவிடலாமா? கூடவே கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பலாம், மனநோயும் மீளலாம். நிறுத்திய பின்னரும் அதன் வேகம் இரண்டு வாரமளவில் உடலில் நிற்கும். ஆகவே மருத்துவர் மாற்று மருந்தைக் கொடுத்து, பழையதைப் படிப்படியாகக் குறைத்து, அதன் பின்னரே ஈரல் மருந்தைத் தொடங்குவார்.

நாம் செய்யவேண்டியவை:

1. வெட்கத்தினால் மனநோய் மருந்தை மறைக்காதீர்கள். மறைத்தால் ஈரல் மருந்து வீணாகலாம்.

2. இடம்பெயர்வில் கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால், கையிலுள்ள குளிசைகளை உறையோடு மருத்துவரிடம் கொண்டுசென்று காட்டுங்கள்.

3. வயிற்றெரிவுக் குளிசை, நாட்டு மருந்து ஆகியவற்றையும் சொல்லுங்கள். அவற்றிலும் சில ஈரல் மருந்தைப் பாதிக்கும்.

4. சிகிச்சை நடக்கும்போது வேறெந்த மருந்தையும் கேளாமல் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

இரண்டு நோய்க்கும் மருந்து உண்டு. இரண்டு மருத்துவரும் ஒருவர் கொடுப்பதை மற்றவர் அறிந்திருக்கவேண்டும். அதை அறியச்செய்வது நம் கையிலேயே உள்ளது.