திரும்பிய பின்னும் சிமிட்டும் விளக்கு

கடந்த ஆண்டு மழைக்காலத்தில், பக்கவாதம் கண்ட ஒரு தாயார் எங்கள் நரம்பியல் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்தார். பகலில் மருமகள், இரவில் மகன் என்று முறை வைத்துக்கொண்டு அவரைக் கவனித்து வந்தார்கள். நான்காம் நாள் காலை 6 மணிக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி கொண்டு வருவதாகச் செவிலியரிடம் சொல்லிவிட்டு, மகன் தமது மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார். 7 மணிக்கு முன்பாகவே இதே மருத்துவமனைக்குத் திரும்பி வந்தார். இம்முறை அவர் வந்தது ஓர் ஆட்டோவின் பின் இருக்கையில், இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த நிலையில்.

அவரை அழைத்து வந்தவர் அவர்மீது மோதிய ஆட்டோவின் ஓட்டுநரே. அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றபடி, கேட்டவரிடமெல்லாம் அவர் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: “சார் இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டுக்கிட்டு வந்தாருங்க. எங்க தெருவுக்குள்ளதான் திரும்பப் போறாருன்னு நெனச்சு வண்டியை எடுத்துட்டேன்.”

அவர் சொன்னது உண்மைதான். மருத்துவமனை வாயிலில் இருந்து இடப்பக்கம் திரும்பிப் பிரதான சாலையில் ஏறியபோது போட்ட இண்டிகேட்டரை, மகன் அணைக்கவில்லை. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம் அது சிமிட்டிக்கொண்டே சென்றிருக்கிறது. இருவரில் எவரும் மது அருந்தியிருக்கவில்லை. எவரும் வேகமாகச் செல்லவுமில்லை. தலைக்கவசம் அணிந்திருந்ததால் மகனின் தலைக்கு ஒன்றும் நேரவில்லை. அந்தக் குடும்பத்தாரின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதவாறு இதனை இங்கே எழுதுகிறோம். நோயாளியைக் கவனிக்க வந்தவரே நோயாளியாகிவிடும் நிகழ்வுகளை நாங்கள் அவ்வப்போது காண்கிறோம். அவற்றுள் சிலவற்றையேனும் தவிர்க்க இயலும் என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஒரு விளக்கு சொல்லும் பொய்

இண்டிகேட்டர் என்பது ஒரு சொல். “நான் இந்தப் பக்கம் திரும்பப் போகிறேன்” என்று முன்னும் பின்னும் உள்ளோருக்கு நாம் சொல்லும் சொல். சாலையில் செல்வோர் முறையான சைகைகளைக் காட்ட வேண்டும் என்பதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தனது 121ஆம் பிரிவில் வலியுறுத்துகிறது. இண்டிகேட்டர் போடாமல் திரும்புவது ஆபத்து என்பதை நாம் அனைவரும் அறிவோம். திரும்பாமல் போடப்பட்டிருக்கும் இண்டிகேட்டரும் அதே அளவுக்கு ஆபத்தானது என்பதை அத்தனை எளிதில் உணர்வதில்லை.

சைகை காட்டாதவரைக் கண்டால் மற்றவர்கள் சற்றே தயங்குவார்கள். தவறான சைகை காட்டுபவரைக் கண்டால் தயங்கமாட்டார்கள். அச்சைகையை நம்பிச் செயல்படுவார்கள். இடது விளக்கு எரிந்தால், இடப்பக்கத் தெருவில் காத்திருப்பவர் வண்டியை வெளியே எடுப்பார். வலது விளக்கு எரிந்தால், பின்னால் வருபவர் நாம் வலப்பக்கம் ஒதுங்குவோம் என்று கருதி, இடப்பக்கமாக முந்த முற்படுவார்.

இண்டிகேட்டர் நிமிடத்திற்கு 60 முதல் 120 முறை வரை சிமிட்ட வேண்டும் என்பது வாகனத் தயாரிப்பு விதி. ஓய்வில் இருக்கும் மனிதரின் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிப்பதோடு இதனை ஒப்பிட்டுக்கொள்ளலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 90 விநாடிகள் ஆகும். நிமிடத்திற்கு 80 முறை சிமிட்டும் விளக்கு அதற்குள் 120 முறை ஒரே பொய்யைச் சொல்லிவிடுகிறது.

காரில் தானே அணைகிறது, வண்டியில் ஏன் அணைவதில்லை?

காரின் ஸ்டீயரிங் திரும்பி மீண்டும் நேராகும்போது, அதன் தண்டில் உள்ள ஒரு சிறு அமைப்பு இண்டிகேட்டர் நெம்புகோலைத் தட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. மோட்டார் சைக்கிளில் இது எளிதன்று. ஓரளவு வேகத்தில் செல்லும் இருசக்கர வாகனம் சாய்வதால்தான் திரும்புகிறது. ஹேண்டில்பார் மிகச் சிறிதளவே அசைகிறது. ஆகவே திருப்பம் முடிந்ததைக் கைப்பிடியின் அசைவைக் கொண்டு அறிய இயலாது. கடந்த தூரத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு விளக்கைத் தானே அணைக்கும் அமைப்பை யமஹா நிறுவனம் 1970களின் இறுதியிலேயே தனது பெரிய வண்டிகள் சிலவற்றில் பொருத்தியது. இன்றும் சில வகை வண்டிகளில் அத்தகைய வசதி உண்டு. ஆயினும் நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் அந்த வேலை ஓட்டுநரின் இடக்கைக் கட்டைவிரலிடமே விடப்பட்டிருக்கிறது.

கட்டைவிரலுக்கு அதனை நினைவூட்டுவதற்கோ அதிகம் எதுவும் இல்லை. முன்பலகையில் உள்ள சிறிய பச்சை அம்புக்குறி வெயிலில் கண்ணுக்குத் தெரிவதில்லை. டிக், டிக் என்னும் ஓசை காற்றிலும் ஹாரன் இரைச்சலிலும் தலைக்கவசத்திலும் அமுங்கிவிடுகிறது. ஒலியெழுப்பும் பஸ்ஸர் பொருத்திக்கொண்டாலும், ஒரே சீராக ஒலிக்கும் எதனையும் மூளை சிறிது நேரத்தில் புறக்கணிக்கத் தொடங்கிவிடும். மின்விசிறியின் ஓசை நமக்குக் கேட்காமல் போவதும் இதனால்தான்.

மறதி அன்று, மூளையின் இயல்பு

“எனக்கு ஞாபக மறதி வந்துவிட்டதா, டாக்டர்?” என்று அந்த மகன் எங்களிடம் கேட்டார். இல்லை என்றோம். அவருடைய நினைவாற்றலில் குறை ஏதும் இருக்கவில்லை. நடந்தது நம் எல்லோரிடமும் உள்ள ஓர் இயல்பின் விளைவு.

ஒரு செயலைத் தொடங்கும்போது மூளை அதன் நோக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. நோக்கம் நிறைவேறியவுடன் அந்தச் செயலை முடிந்ததாகக் கருதி, கவனத்தை அடுத்ததற்கு மாற்றிவிடுகிறது. நோக்கம் நிறைவேறிய பிறகும் ஒரு படி எஞ்சியிருந்தால், அந்தப் படியே அதிகமாக விடுபடுகிறது. நகல் எடுத்த பின் மூலத் தாளை இயந்திரத்திலேயே விட்டுவிட்டு வருவது இவ்வகைப் பிழை. திரும்புவதே நோக்கம், திரும்பியாயிற்று, விளக்கை அணைப்பது எஞ்சி நிற்கிறது. இவ்வகைப் பிழையை 1997இல் மைக்கேல் பைர்ன், சூசன் போவேர் ஆகிய ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். மனத்தில் சுமை மிகும்போது இப்பிழையும் மிகுகிறது என்பது அவர்கள் கண்ட முக்கியமான உண்மை. பல ஏடிஎம் இயந்திரங்கள் முதலில் அட்டையைத் திருப்பித் தந்துவிட்டுப் பிறகு பணம் தருவதும் இதனைத் தடுப்பதற்காகத்தான். பணம் கைக்கு வந்துவிட்டால் அட்டை மறந்துபோகும்.

மருத்துவர்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்லர். இரத்தம் எடுத்த பின், கையில் கட்டிய ரப்பர் பட்டையை அவிழ்க்க மறப்பது மருத்துவ உலகம் நன்கறிந்த பிழை. ஊசி குத்துவதில் முழுக் கவனம் இருக்கும். இரத்தம் வந்துவிட்டால் மனம் அடுத்த நோயாளியிடம் சென்றுவிடும். எங்களுள் ஒருவர் இரவுப் பணி முடிந்து வீடு சேர்ந்தபோது, வாசலில் நின்றிருந்த அவருடைய மகள், “அப்பா, நீங்க இன்னும் திரும்பிக்கிட்டே இருக்கீங்க” என்று சிமிட்டும் விளக்கைக் காட்டியிருக்கிறாள். எந்தத் திருப்பத்தில் அதனைப் போட்டார் என்பது அவருக்கு நினைவில்லை.

துணையிருப்போரின் உறக்கம்

மனச்சுமை என்றோம். மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்போரைவிட மனச்சுமை மிக்கவர் எவர்? வாங்க வேண்டிய மருந்து, வர வேண்டிய பரிசோதனை முடிவு, கட்ட வேண்டிய பணம், வீட்டில் தனித்திருக்கும் பிள்ளைகள் ஆகிய அனைத்தையும் சுமந்துகொண்டுதான் அவர்கள் வண்டியில் ஏறுகிறார்கள். அதன்மேல் உறக்கமின்மையும் சேர்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவிகிதம் மது கலந்தவரின் நிலைக்கு ஏறக்குறைய ஒப்பாகக் குறைகிறது என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டுச் சட்டம் வாகனம் ஓட்டுவோருக்கு அனுமதிக்கும் வரம்பு 0.03 சதவிகிதம் மட்டுமே. ஒரு துளியும் மது அருந்தாத மகனோ மகளோ, அம்மாவின் கட்டிலருகே கண்விழித்த ஒரே காரணத்தால், அந்த வரம்புக்கு அப்பால் சென்றுவிடக்கூடும்.

ஆகவே இரவு முழுதும் விழித்திருந்தவர் காலையில் வண்டியை எடுக்க வேண்டாம். பேருந்திலோ ஆட்டோவிலோ செல்லுங்கள். உறவினரை வரச் சொல்லுங்கள். வேறு வழியே இல்லையென்றால், முதலில் சிறிது நேரமாவது உறங்கிவிட்டுப் புறப்படுங்கள். கஞ்சி அரை மணி நேரம் தாமதமாக வருவதால் ஒன்றும் ஆகிவிடாது.

நோயாளிகளுக்கும் சில சொற்கள் உண்டு. சளிக்காகவும் ஒவ்வாமைக்காகவும் தரப்படும் மாத்திரைகளிலும் இருமல் மருந்துகளிலும் பல தூக்கத்தை உண்டாக்குபவை. கடும் வலிக்கான மருந்துகள் சிலவும், வலிப்பு நோய்க்கான மருந்துகள் சிலவும் அப்படியே. புதிதாக ஒரு மருந்தைத் தொடங்கும்போது, “இதனைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டலாமா?” என்று கேட்கத் தயங்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்த சிகிச்சைக்குப் பின் 24 மணி நேரம் ஓட்டக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்வோர் புறப்படும் முன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. 70க்குக் கீழே இருந்தால் வண்டியைத் தொடவே கூடாது. பக்கவாதம் கண்டவர்களும் வலிப்பு வந்தவர்களும் மருத்துவர் பரிசோதித்து அனுமதிக்கும் வரை ஓட்ட வேண்டாம். பக்கவாதத்திற்குப் பின் சிலருக்கு ஒரு பக்கத்தில் இருப்பதையே மூளை கவனியாமல் விடும். அதனை அவர்களால் தாமாக உணர முடியாது.

கட்டைவிரலுக்கு ஒரு பழக்கம்

“இனி மறக்கமாட்டேன்” என்று உறுதியெடுப்பதால் பயன் சிறிதே. நினைவை நம்புவதைவிடப் பழக்கத்தை நம்புவது மேல். பழக்கம் ஏதேனும் ஓர் உடல் உணர்வோடு பிணைக்கப்பட்டால் நிலைக்கும். திருப்பத்தில் சாய்ந்த வண்டி நிமிரும்போது அதனை நம் உடல் தெளிவாக உணர்கிறது. “வண்டி நிமிர்ந்ததும் கட்டைவிரல் அழுத்தும்” என்று ஒரு விதியை வகுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இண்டிகேட்டர் பொத்தானை உள்நோக்கி அழுத்தினால் விளக்கு அணையும். ஏற்கெனவே அணைந்திருக்கும் விளக்கை மீண்டும் அணைப்பதால் தீங்கு எதுவும் இல்லை. எனவே ஐயம் எழும்போதெல்லாம் அழுத்தலாம்; ஐயம் எழாதபோதும் அழுத்தலாம். பழைய வகைப் பொத்தானாக இருந்தால் அதனை நடுவிற்குத் தள்ளிப் பாருங்கள். சில வாரங்களில் இது கை தானாகச் செய்யும் வேலையாகிவிடும்.

பின்னால் அமர்ந்திருப்பவரும் உதவலாம். “இண்டிகேட்டர்” என்ற ஒரு சொல் போதும். அதனைக் குறை கூறுவதாக ஓட்டுபவர் எடுத்துக்கொள்ள வேண்டாம். “சைடு ஸ்டாண்டு!” என்று முன்பின் அறியாதவரையும் கூவி எச்சரிக்கும் நல்ல வழக்கம் நம் ஊர்ச் சாலைகளில் உண்டு. அந்த அக்கறையை இண்டிகேட்டருக்கும் காட்டுவோம். விரல்களை விரித்து மடக்கிக் காட்டும் சைகையை முன்பெல்லாம் பகலில் எரியும் முகப்பு விளக்கைச் சுட்டவும் பயன்படுத்தினார்கள். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு எப்போதும் எரிவதால், இன்று எவரேனும் அச்சைகையைக் காட்டினால் முதலில் இண்டிகேட்டரைப் பாருங்கள்.

தெருமுனையில் காத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். எதிர்ப்படும் வண்டியின் விளக்கை மட்டும் நம்பி முன்னேற வேண்டாம். வேகம் குறைகிறதா, முன்சக்கரம் திரும்பத் தொடங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.

கட்டிலருகேயும் ஒரு கடைசிப் படி

இந்தப் பாடம் சாலையோடு முடிவதில்லை. மூக்குக் குழாய் வழியே உணவு கொடுத்த பின், நீர் செலுத்திக் குழாயைக் கழுவி மூடுவது. உணவு முடிந்ததும் படுக்க வைத்துவிடாமல், அரை மணி நேரமாவது தலைப்பக்கத்தை உயர்த்தியே வைத்திருப்பது. உடல் துடைத்து முடித்ததும் கட்டிலின் தடுப்புக் கம்பியை மீண்டும் உயர்த்துவது. சக்கர நாற்காலியில் இருந்து இறக்கும் முன் போட்ட பூட்டைச் சரிபார்ப்பது. இவையெல்லாம் நோக்கம் நிறைவேறியதும் மனம் நழுவவிடக்கூடிய படிகள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவையுங்கள். எங்கள் வார்டுகளிலும் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

அந்தத் தாயார் மூன்றாம் வாரத்தில் வீடு திரும்பினார். மகன் எலும்பு முறிவுப் பிரிவில் இருப்பதை அவரிடம் முதலில் எவரும் சொல்லவில்லை. “எங்கே அவன்?” என்று குழறிய சொற்களில் அவர் நாள்தோறும் கேட்டார், மருமகள் நாள்தோறும் ஒரு காரணம் சொன்னார். இரண்டு தளங்களுக்கும் இடையே இரண்டு டிபன் கேரியர்களோடு படியேறி இறங்கிய அந்த மருமகளின் களைப்பு எந்த மருத்துவக் குறிப்பிலும் பதிவாகவில்லை. உண்மையைச் சொன்ன நாளில், தாயாரைச் சக்கர நாற்காலியில் மகனிடம் அழைத்துச் சென்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அசையும் தமது இடது கையால் மகனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த மகன் இப்போது மீண்டும் வண்டி ஓட்டுகிறார். மறுபரிசோதனைக்கு வந்தபோது, ஒவ்வொரு திருப்பத்திற்குப் பின்னும் தமது கட்டைவிரல் தானாகவே பொத்தானை அழுத்துவதாகச் சொன்னார். இன்று நீங்கள் வீடு திரும்பும்போது, மருத்துவமனை வாயிலைக் கடந்து வண்டி நிமிர்ந்ததும், உங்கள் கட்டைவிரலும் ஒருமுறை அழுத்தட்டும். உங்களை நம்பி இங்கே ஒருவர் படுத்திருக்கிறார்.